ரேமண்டுக்கு வர வேண்டிய ஷாக்கு

ரேமண்டை அடிக்க வந்த ஷாக்கு அவன் மேல் படாமல் நடுவழியில் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவனைப் பெற்ற எமரன்சி அடுக்களையில் சாளை மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், அவன் பெண்டாட்டி லிடியா மசக்கையில் மீன் வாடை தாங்காமல் வாசல்படியில் போய் உட்கார்ந்திருந்தாள், ரேமண்டு முன்னறைத் தரையில் சாக்கை விரித்து அடுத்த வீட்டு மிக்கேலம்மாவின் மைக்ரோவேவ் ஓவனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டிருந்தான். அந்த ஓவன் மிக்கேலம்மாவின் புருஷன் கப்பலில் போன இடத்தில் வாங்கி வந்தது. கொஞ்ச நாள் சுற்றியது, கொஞ்ச நாள் சுற்றாமல் வெளிச்சம் மட்டும் காட்டியது, பிறகு அதுவும் இல்லை. ரேமண்டு உப்பு லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற உத்தியோகம் பார்க்கிறவன். ஆனால் அவன் மனசெல்லாம் செத்துப்போன சாமான்கள் மேல்தான். மிக்ஸி, டேப்ரிக்கார்டர், பழைய குண்டு டிவி, எது செத்தாலும் சலேத் மாதா தெருவில் அவனிடம்தான் வரும், காசுக்கு இல்லை, ஆசைக்கு.

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தான். பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் அவன் நினைத்தான், நாமும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் ஓவனுக்குள்ளே கெப்பாசிட்டர் என்று தகர டப்பா மாதிரி ஒன்று இருக்கிறது. குழாய் நின்ற பிறகும் குடத்தில் தண்ணீர் இருப்பதுபோல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட்டு இருக்கும், அதுவும் நம் வீட்டுக் கரண்ட்டைப்போல் பத்து மடங்கு உக்கிரத்தோடு, யாராவது தொடமாட்டார்களா என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். இதையெல்லாம் போனில் வீடியோ போடுகிற ஆள் சொல்லத்தான் செய்தான். அவன் அதைச் சொல்லுவதற்கு முந்தி ஒரு பல்பொடி விளம்பரம் வந்தது, ரேமண்டு பொறுமையில்லாமல் விரலால் தள்ளினான், விளம்பரத்தோடு சேர்ந்து எச்சரிக்கையும் தள்ளிப்போய்விட்டது.

அப்படி ஆகிப்போய், இடது கையை ஓவனின் தகரத்தில் ஊன்றிக்கொண்டு, வலது கையிலிருந்த திருப்புளியை அந்த டப்பாவின் முனைக்கு அவன் கொண்டுபோன நேரத்தில், கோயிலில் மூவேளைச் செப மணி அடித்தது. ரேமண்டு அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஆனால் பேச்சு வருவதற்கு முந்தியே எமரன்சி அவன் கையைப் பிடித்துச் சிலுவை போடப் பழக்கியிருந்ததால், மணிச் சத்தம் கேட்டால் அவனைக் கேட்காமலேயே கை நெற்றிக்குப் போகும். போனது, இரண்டு கையும் போனது, ஒன்று சிலுவை போட, மற்றது நெஞ்சில் வைக்க. அந்தக் கண்ணிமைப்பில்தான் ஷாக்கு புறப்பட்டது. டப்பென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம், வந்து பார்த்தால் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

திரும்பிப் போக அதற்கு வழி தெரியாது. ஆகையால் அது அங்கேயே நின்றது.

"யம்மா, இங்க வராத," என்றான் ரேமண்டு.

"ஏம்ல?"

"இங்க ஒண்ணு நிக்கு."

எமரன்சி புளிக்கையோடு வந்து பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முன்னறையின் நடுவில் ஓர் இடத்தில் காற்று கெட்டியாய் இருந்தது. அந்தப் பக்கம் கையை நீட்டினால் முழங்கை மயிர் எழுந்து நின்றது, மழை விழுந்த இரும்பின் வாடை அடித்தது, அலமாரியில் கவிழ்த்திருந்த சில்வர் டம்ளர்கள் மெல்ல முனகின.

"எனக்கு வர வேண்டியதும்மா. வந்துட்டு. வாங்க ஆள் இல்ல, அதான் நிக்கு."

வாசல்படியிலிருந்து லிடியா திரும்பாமலே சொன்னாள்: "மீன்காரி வந்து நிக்கா, கேஸ்காரன் வந்து நிக்கான், இப்போ ஷாக்கும் வந்து நிக்கா? ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க."

எமரன்சி அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நன்றி சொன்னாள். பாதி மன்றாட்டில் அவளுக்கு நாக்கு நின்றுவிட்டது. தாயே, நீ என் பிள்ளையைக் காப்பாத்தினியா, இல்ல இன்னொரு நாளைக்குத் தள்ளி வச்சியா? அந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்கு உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் உட்காரத் தோன்றியது.

ஷாக்கு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. லிடியாவின் சேலையில் உரசும், சேலை காலோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பூனை மேல் ஏறிப் போகும், பூனை பந்தாகி நிற்கும். ஆனால் ரேமண்டு வந்தால் மட்டும் எங்கிருந்தாலும் அவன் பக்கம் திரும்பியது. அவன் குனிந்தால் குனிந்தது, அவன் கையை நீட்டினால் கிட்டே வந்தது. ஒரு கையை நீட்டினால் சுற்றிச்சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு நிற்கும். இரண்டு கையையும் நீட்டிவிட்டாலோ, டம்ளர்களெல்லாம் ஒன்றாய்க் கத்த ஆரம்பித்துவிடும். ரேமண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு கை வழியாய் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாய் இறங்க வந்த ஷாக்கு அது. அதற்கு இரண்டு வாசல் வேண்டும். பெரிய கரண்ட்டில் வேலை பார்க்கிற பழைய ஆட்கள் ஒரு கையைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்களாம், அந்த வீடியோவின் தள்ளிவிட்ட இடத்தை அவன் இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தான். அன்றிலிருந்து இடது கையைப் பைக்குள் போட்டான், போட்டதுதான்.

வீட்டில் கைலிச் சாரம் உடுத்தினால் பை இல்லை என்று லிடியா சாரத்துக்குப் பை தைத்துக் கொடுத்தாள். அந்தச் சாரத்தை ஒரு கையால் கட்ட முடியாது என்று அவளே கட்டியும் விட்டாள். "கல்யாணத்துல தாலி நீங்க கட்டுனிய, இப்போ சாரம் நான் கட்டுதேன். சரியாப் போச்சு," என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் ராத்திரி புருஷன் பைக்குள் கையைப் போட்டபடி மல்லாந்து தூங்குவதைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் போய்விடும் என்று எமரன்சிக்குத் தெரியும், ஏனென்றால் எமரன்சியும் தூங்குவதில்லை.

வீட்டுக்குள் நின்ற ஷாக்கு பிறகு திண்டாடித் திரிந்து, கடலுக்கு இறங்குகிற அந்தத் தெருவுக்கு வந்தது. தெரு முதலில் பயந்தது. கதவைச் சாத்தியது, பிள்ளைகளை உள்ளே இழுத்தது. பிறகு, எந்தப் பயத்துக்கும் தெருவில் வேலை கிடக்குமல்லவா, தண்ணீர் பிடிக்கணும், கருவாடு காயப் போடணும், கதவைத் திறந்தது. பாயில் பரப்பிய நெத்திலிகள் ஒன்றுபோல் வால் தூக்கி நின்றால் ஷாக்கு அந்தப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டார்கள். காலையில் கோலப்பொடி வாங்க வருகிற மாதிரி, "எமரன்சி மைனி, உங்க ரேமண்டோடது எங்க வீட்டு மாடிப்படியில இருக்கு, தேடாதிய," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தேடி அவள் என்ன செய்யப் போகிறாள். இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், மேயப் போன மாட்டை எட்டிப் பார்க்கிறதுபோல்.

கரண்ட்டு ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்தான். காற்றில் டெஸ்டரை நீட்டினான், டெஸ்டர் எரிந்தது. "மீட்டருக்கு அந்தப் பக்கம்னா எங்களோடது. இது இந்தப் பக்கம். உங்களோடது," என்று சொல்லி, மிக்கேலம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

பங்குச்சாமி வந்தார். நல்ல மனுஷன், வயசு குறைவு. ஈஸ்டருக்கு மந்திரித்த பாஸ்கா தீர்த்தத்தில் மந்திரித்த உப்பைப் போட்டுக் கலக்கி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தெளித்துக்கொண்டே நடந்தார். பேய்க்கென்றால் அது சரி. ஆனால் ஷாக்குக்கு உப்புத் தண்ணீர் என்றால் பாலும் பழமும். கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது அன்று பொழுதடைவதற்குள் எருமை அளவு ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் சுருக்கென்றது. சாமி தலையைக் குனிந்து, "மன்னிச்சிருங்க, செபம் தப்பில்ல, உப்புதான் தப்பு," என்றார். அவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை, உப்பு தெருக்காரர்கள் கொடுத்ததுதானே.

வரவர அது தெருவில் ஒரு ஆளாகிவிட்டது. மிக்கேலம்மா கேஸ் அடுப்புக்கு லைட்டர் வாங்குவதை விட்டுவிட்டாள், அது அந்தப் பக்கம் வரும்போது திறந்தால் தானே பற்றிக்கொள்ளும் என்பாள். ஆம்பளைகள் ரேமண்டுக்குத் துணையாய் ஒரு கையைப் பைக்குள் போட்டு நடக்க ஆரம்பித்தார்கள், பிறகு அது ஒரு நடையாகவே ஆகிப்போய், வெளியூரில்கூட அந்த நடையைப் பார்த்து, நீங்க சலேத் மாதா தெருவா என்று கேட்டார்கள். நெஞ்சுக்குள் பேட்டரிப் பெட்டி வைத்த குருஸ் மாமா மட்டும் நெத்திலி நிமிர்வதைப் பார்த்தால் எதிர்த் தெருவுக்குப் போய்விடுவார். "எனக்குள்ள ஒண்ணு ஓடுது, வெளிய ஒண்ணு ஓடுது. ரெண்டும் சந்திச்சா யாரு செயிக்கன்னு பாக்க எனக்கு ஆசை இல்ல," என்பார்.

எல்லாருக்கும் பழகிவிட்டது, கிரேசிக்கு மட்டும் பழகவில்லை. கிரேசி எதிர்வீடு. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், மாப்பிள்ளையின் தாயாருக்குக் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் வானத்தைப் பார்த்து நின்றது, அந்தம்மா செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கிரேசி தெருவில் நின்று சொன்னாள்: "அவன் வாங்க வேண்டியதை அவன் வாங்கியிருந்தா ஒரு எழவோட முடிஞ்சிருக்கும். இப்போ தெரு முழுக்க எழவு." சொன்ன பிறகுதான் எமரன்சி வாசலில் நிற்பதைப் பார்த்தாள். எமரன்சி கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காயாத துணி.

கோயிலில் எமரன்சி பீடத்தைப் பார்ப்பதில்லை, மகனைத்தான் பார்ப்பாள். எல்லாரும் கைகூப்பி நிற்க, அவன் ஒரு கையை நெஞ்சில் வைத்து மறு கையைப் பைக்குள் போட்டு, சில்லறை தேடுகிறவனைப்போல நிற்பான். பாதிக் கும்பிடு. கடவுள் அதை ஏற்றுக்கொள்வார் என்று சாமி சொல்லியிருந்தார். கடவுள் ஏற்றுக்கொள்வார், பெற்றவளுக்குத்தான் ஏறவில்லை. இதில் அவன் சாமான் பிரிக்கிறதையும் விடவில்லை. ஒற்றைக் கையால் பிரித்தான், இப்போது டப்பாவைத் தொடுவதற்கு முந்தி ஒரு குண்டு பல்பை வயரால் அதற்குக் கொடுத்து, பல்பு ஒருதரம் எரிந்து அணைந்த பிறகுதான் தொட்டான், முறைப்படி. முறை தெரிந்ததுதான், பிந்தித் தெரிந்தது. மிக்கேலம்மாவின் ஓவனை மட்டும் சாக்கால் மூடி மூலையில் வைத்திருந்தான், அந்தப் பக்கம் போவதில்லை.

லிடியாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி நர்சு துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அப்பா யாரு, வாங்கிக்கோங்க," என்றாள். ரேமண்டு வலது கையை நீட்டினான், பிறகு அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான். நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. எமரன்சி வாங்கிக்கொண்டாள்.

"ஒத்தக் கையில தூக்கலாமேல," என்றாள் வெளியே வந்து. "நான் தாங்கிக்கிறேன், நீ சும்மா தொடு."

"யம்மா, உனக்கு விளங்கல. நான் ஒரு கையால பிள்ளையத் தொட்டா, பிள்ளைதான் என் ரெண்டாவது கை. என் வழியா ஏறி அது வழியா இறங்கும்."

ஆஸ்பத்திரி வாசலில் ஜெனரேட்டர் பக்கம் வேப்பமரத்து இலையெல்லாம் ஒரு திசையில் விறைத்து நின்றது. அது பின்னாலேயே வந்திருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்தது. ரேமண்டு அடுத்த அறையின் நிலையில் நின்று பார்ப்பான். பிள்ளை அழுதால் நிலையில் நின்றபடியே பாடுவான். லிடியா சில நாள் பொறுத்தாள். ஒருநாள் அவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடித்தது, பிள்ளை தொட்டிலில் வீறிட்டது, எமரன்சி குழாயடியில் இருந்தாள், ஓடி வருவதற்குள் லிடியாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"பிள்ள என்ன ஓவனா, தூரத்துல நின்னு பாக்கதுக்கு? செத்த சாமானெல்லாம் தொட்டுத் தொட்டு எழுப்புதிய. உயிரோட இருக்குறதத் தொட ஆள் இல்ல இந்த வீட்டுல."

 ரேமண்டு நிலையைத் தாண்டாமல் மறுபடியும் பாட ஆரம்பித்தான்.

அன்றைக்கு எமரன்சி ஒன்று செய்தாள். நெத்திலிகள் நிமிர்ந்து நின்ற இடத்தைத் தேடிப் போய், இரண்டு கையையும் குடத்துத் தண்ணீரில் நனைத்து, ஒரு கையால் இரும்புக் குழாயைப் பிடித்து, மறு கையைக் காற்றில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். யார் வாங்கினா என்ன, எல்லாம் ஒரே ரத்தந்தானே, எடுத்துக்க. முடி எழுந்தது. இரும்பு வாடை மூக்குக்குள் வந்தது. அது அவள் உள்ளங்கையை நக்குகிறதுபோல் ஒருதரம் வருடியது, பிறகு விலகிப் போய்விட்டது. இது அவளுக்கு வந்தது இல்லையே. எமரன்சி குழாயைப் பிடித்தபடியே அங்கே உட்கார்ந்து அழுதாள். எதிர்வீட்டு ஜன்னலில் கிரேசி பார்த்துக்கொண்டிருந்தாள், ஜன்னலைச் சாத்தவில்லை.

தெருவில் மாதாவுக்குக் குகைபோல் கட்டிய கெபிக்குத் திருவிழா வந்தது. திருவிழாவின் கடைசி நாள் அசனம். அசனம் என்றால் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, காய் வாங்கி, கறி வாங்கி, ஒரே அண்டாவில் பொங்கி, தெரு முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. எமரன்சி தன் வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டினாள். கிரேசி வீட்டுப் புழுங்கல் அதன் மேல் விழுந்தது, மிக்கேலம்மா வீட்டுப் பொன்னி அதன் மேல் விழுந்தது, சமையல்காரர் துடுப்பைப் போட்டு ஒரு கிண்டு கிண்டினார். எமரன்சி தன் அரிசியைக் கண்ணால் தேடினாள். காணவில்லை. எது யாருடையது என்று இனிமேல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அவள் அண்டாவின் ஆவியிலேயே நின்றுகொண்டிருந்தாள், சமையல்காரர், "தள்ளும்மா, வேகுது," என்றார்.

கொடியிறக்கம் முடிந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் சொன்னாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை, தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில்கூடச் செபமாலை சொல்ல மட்டுந்தான் வாயைத் திறப்பாள்.

"அதுக்கு ரேமண்டு வேணும். ரேமண்ட அதுக்குத் தெரியும். ஆனா ரேமண்டு எங்க முடியுதான்னு அதுக்குத் தெரியக்கூடாது."

"விளங்கச் சொல்லுங்க மைனி."

"எல்லாரும் அவன் கையப் பிடிச்சா, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சு, வீட்டுலேர்ந்து கடல் வரைக்கும் நின்னா, அது அவன்கிட்ட ஏறி, தெரு முழுக்க நடந்து, கடல்ல இறங்கணும்லா."

வெங்காயம் உரிக்கிற கத்திகள் நின்றன. ஒருத்தி சொன்னாள், "ஆகக்கூடி அசனத்துக்கு முந்தி எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேரலாங்கிய."

ரேமண்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.  "ஒரு உடம்பத் தாண்டுனா நெஞ்சு நின்னுரும்," என்றான். "இத்தன உடம்பத் தாண்டணும்னா அதுக்கு மூச்சு வாங்கும். ஆளுக்குக் கொஞ்சம் குத்தும். குத்தாம இருக்காது." பிறகு, "வேண்டாம்மா. ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல," என்றான். "உம் பிள்ளைக்குச் சொல்லுல," என்றாள் எமரன்சி, அதற்கு மேல் அவன் மறுக்கவில்லை.

வேறு எந்த ஷாக்குக்கும் இது மருந்து இல்லை, அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண ஷாக்கு வாங்கினவனைத் தொட்டால் தொட்டவனும் சேர்ந்து போவான். மெயினை நிறுத்தாமல் யாரும் யார் கையையும் பிடிக்கக் கூடாது. இது தெருவில் நடந்து, மாடிப்படியில் படுத்து, ஆட்களோடு புழங்கிப்போன ஷாக்கு, அதனால் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

அசனம் முடிந்தது. இலை எடுத்தாயிற்று. வெயில் சாய்ந்து கடல் வெள்ளைத் தகடாய்க் கிடந்தது. முதலில் யாரும் நகரவில்லை. பிறகு மிக்கேலம்மா, ஓவன் தன்னுடையதாச்சே என்ற நினைப்பிலோ என்னவோ, சேலையைச் செருகிக்கொண்டு கடல் பக்கம் நடந்தாள், அவள் பின்னால் மற்றவர்கள். நிற்கிறதில் தகராறு வந்தது. எல்லாருக்கும் கடல் பக்கம்தான் வேண்டும், ரேமண்டு பக்கம் யாருக்கும் வேண்டாம். சாக்கடைத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள், ஒருத்தன் சுண்டு விரலை மட்டும் கொடுத்தான், முழுக் கையையும் கொடுக்கச் சொல்லி வரிசையே சத்தம் போட்டது. குருஸ் மாமாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். "நான் என்ன தெருவுல இல்லாதவனா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் நெஞ்சிலிருக்கிற பெட்டி நின்றுபோகும் என்று சொல்லி, விசுவாசப் பிரமாணத்தை எடுத்துச் சொல்கிற வேலையை அவருக்குக் கொடுத்து, பிள்ளையோடு லிடியாவையும் அவரையும் தூரத்தில் கெபிப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். கடலில் முழங்கால் தண்ணீரில் எமரன்சி நின்றாள். அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, போகிறதை வழியனுப்ப வேண்டியவள் அவள்தான். அவளுக்குப் பக்கத்தில் மிக்கேலம்மா.

அந்த முனையில் ரேமண்டு தன் வீட்டு வாசலில் தனியாய் நின்றான். அவனுக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் காலியாய்க் கிடந்தது. வரிசையின் முதல் ஆள் கையை நீட்டுவான், பிறகு இழுத்துக்கொள்வான். கடலில் நின்ற எமரன்சிக்கு அந்த இடைவெளி தெரிந்தது, அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. அவள் வாய் செபம் சொல்ல மறந்துவிட்டது.

கிரேசி வீட்டிலிருந்து வந்தாள். அதுவரைக்கும் அவள் வரிசையில் இல்லை. வந்து அந்தக் காலி இடத்தில் நின்றாள்.

"ஏலே, அந்தக் கைய வெளிய எடு."

"சித்தி, நீங்க வேண்டாம்."

"எம் மக சம்பந்தம் உன்னாலதான் போச்சு. உன்ன ஒரு அறை அறையணும்னு நாளெல்லாம் கை அரிக்கி. அதுக்காவது கையக் கொடு."

ரேமண்டு பையிலிருந்து இடது கையை எடுத்தான். வெயில் படாமல் அது வெளுத்து, ஊறவைத்த அப்பளம்போல் இருந்தது. கிரேசி அதை இறுக்கிப் பிடித்தாள். அவன் வலது கையைக் காற்றில் நீட்டினான். தெருவிலுள்ள நெத்திலிகளெல்லாம் எழுந்து நின்றன. குருஸ் மாமா படிக்கட்டில் இருந்து விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார்.

அது வந்தது, நெடுநாள் காத்திருந்தவன் கதவு திறந்ததும் வருகிற வேகத்தில் வந்தது, ரேமண்டின் கையில் ஏறியது, நெஞ்சைக் கடந்தது, அடங்கி இறங்கலாம் என்று மறு கைக்குப் போனால் அங்கே முடியவில்லை, கிரேசியின் கை இருந்தது, கிரேசி "யேசுவே" என்றாள், சரி இங்கே இறங்கலாம் என்றால் அங்கேயும் முடியவில்லை, பேசாத அண்ணன் இருந்தான், அவன் கை இறுகித் தம்பியின் கையை நெரித்தது, தம்பியும் முடிவாயில்லை, மீன் கூடைக்காரி இருந்தாள், பங்குச்சாமி இருந்தார், அவர் துள்ளினார், துள்ளியும் விடவில்லை, எத்தனை பெரிய ரேமண்டு இவன் என்று அது திகைத்து, இளைத்து, ஆளுக்கு ஒரு குத்தாய்த் தன்னைக் கொடுத்துக்கொண்டே இறக்கத்தில் வந்து, மிக்கேலம்மாவின் வளையல்களை ஒருதரம் கிலுக்கி, எமரன்சியின் கைக்கு வந்தபோது, தேள் கொட்டுகிற அளவுதான் இருந்தது. அவள் நெஞ்சுக்குள் அது போனது அவளுக்குத் தெரிந்தது. அதில் சுண்ணாம்பு வாசம் அடித்தது, கருவாடு அடித்தது, யார் யாருடைய வேர்வையோ அடித்தது, தன் பிள்ளையுடையது எது என்று தேடினாள், பிரிக்க முடியவில்லை. முழங்கால் வழியாய்த் தண்ணீரில் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் நாலைந்து மீன் துள்ளி விழுந்தது.

 வரிசையில் எங்கோ ஒருத்தன் தும்மினான், உடனே ஒவ்வொருவரும் தனக்குத்தான் ரொம்பக் குத்தியது என்று சாதித்தார்கள். எமரன்சி கைகூப்பப் பார்த்தாள். மிக்கேலம்மா கையை விடவில்லை. "இருங்க மைனி, மிச்சம் மீதி வருதான்னு பாத்துக்கிடுவோம்," என்றாள். அதுவும் சரிதான் என்று எமரன்சிக்குப் பட்டது. இரண்டு பேரும் தண்ணீரில் நின்றபடியே மேட்டைப் பார்த்தார்கள்.

மேலே ரேமண்டு தன் வாசலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கிரேசி அவன் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். லிடியா கெபிப் படிக்கட்டிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, பிள்ளையை அவன் கைகளில் போட்டாள், போட்டுவிட்டு விலகி இடுப்பில் கை வைத்து நின்றாள். பிள்ளை புது வாடைக்கு வீறிட்டது. அவன் அசையவில்லை, மூச்சும் விடவில்லை.

"கம்பி மாதிரி நிக்காதிய," என்றாள் லிடியா. "தலைக்குக் கீழ ஒரு கை வைங்க. இன்னொண்ணு முதுகுக்கு."